ஜீப்பை ஏற்றிக் கட்டும் தம்பிகளுக்கு



கோவையிலும் பொள்ளாச்சியிலும் மேட்டுப்பாளையம் ரோட்டிலும் லிஃப்ட் கிட் போட்டு ஜீப்புகளை உயர்த்தித் தருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் ஷெட்டிலிருந்து போன வண்டிகளில் சில, அங்கே இங்கே சுற்றிவிட்டு என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றின் அடியில் படுத்துப் பார்த்ததால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி, ஷாக்கை மாற்றி, ஜாக்கியை இறக்கியதும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பின் ஆக்ஸில் வண்டிக்கு நடுவில் நிற்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். காயில் ஸ்பிரிங் ஜீப், 2 அங்குலம் ஏற்றியது, அகலமான டயர். "வால்பாறை ஏறும்போது லெஃப்ட்ல திரும்புனா மட்டும் பின்னாடி சத்தம் வருதுங்கண்ணா" என்றான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இடதுபக்க வளைவு ஒவ்வொன்றிலும் வலது பின் டயர் எதிலோ உரசியிருக்கிறது. மூன்று முறை வீல் அலைன்மெண்ட் பார்த்திருக்கிறான். மூன்று தாளையும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினான். எல்லா எண்ணும் பச்சை.

வலது பின் சக்கரத்துக்கு மேலே, ஃபெண்டரின் உள்மடிப்பில் கையை விட்டேன். விரலில் கூர்மையாக ஏதோ இடறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், உள்மடிப்பை ஒரு சாண் நீளத்துக்கு கிரைண்டர் போட்டு வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய விளிம்பில் பெயிண்ட் இல்லை. துரு பிடித்து, சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. இடது பக்கம் கையை விட்டேன். அங்கே மடிப்பு கம்பெனியில் வந்தது வந்தபடி இருந்தது. டயர் வலது பக்கம் மட்டும்தான் தொடுகிறதென்றால், ஏன் வலது மட்டும் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்காமல் தகட்டை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய பிறகும் சத்தம் முழுதாக நிற்கவில்லை.

சேஸின் வெளிமுகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை அளந்தேன். இடது 148 மி.மீ., வலது 162 மி.மீ. வித்தியாசம் 14. அதாவது ஆக்ஸில் மொத்தமாக 7 மி.மீ. வலது பக்கம் நகர்ந்து நின்றது. இடது வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும்; வலது ஸ்பிரிங் அமுங்கும்; ஏற்கெனவே வெளியே தள்ளி நிற்கிற டயர் மடிப்பைத் தொடும். வேறு மர்மம் ஒன்றும் அதில் இல்லை. ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பியை நீட்டிச் சரிசெய்து, சக்கரம் அமுங்குகிற தூரம் முழுக்க ஜாக்கி கொடுத்துப் பார்த்தோம். தொடவில்லை.

தம்பிகளே, ஏற்றினால் ஆக்ஸில் ஏன் பக்கவாட்டில் நகர்கிறது என்று உங்களில் சிலருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எனக்கு ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

1989-ல் நான் உதவியாளாகச் சேர்ந்த ஷெட்டில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான் வேலை. இரண்டுக்கும் பின்னால் பட்டைதான். ஸ்பிரிங் பட்டை எடையையும் தாங்கும். ஆக்ஸில் ஹவுசிங்கை முன்பின் நகராமலும் பிடிக்கும், பக்கவாட்டிலும் பிடிக்கும். அதனால் 'எது எதைப் பிடிக்கிறது' என்கிற கேள்வியே எனக்கு எழவில்லை. ஒருநாள் பிரீமியர் 118 என்.இ. வந்தது. உடம்பு ஃபியட் 124 வழி, இன்ஜின் நிசான். குழிக்குள் இறங்கிப் பார்த்தால் பின்னால் பட்டை இல்லை, காயில். மேஸ்திரி மேலே நின்றுகொண்டு, "காயில் எடையைத்தான் தாங்கும். ஹவுசிங் லெஃப்ட் ரைட்டுல ஓடாம எது புடிச்சிருக்குன்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். கால் மணி நேரம் தேடினேன். ஒரு முனை சேஸ் பக்கம், மறுமுனை ஹவுசிங்கின் எதிர்ப்பக்கம் என்று குறுக்கே சாய்வாக ஓடியது ஒரு கம்பி. அதைத் தொட்டுக் காட்டியதும், "அந்த ஒத்தக் கம்பிதான்" என்றார்.

அதுதான் பன்ஹார்ட் ராடு. பிரான்சின் பழைய கார் கம்பெனியான பன்ஹார்ட்டின் பெயர். சுசுகியில் லேட்டரல் ராடு என்பார்கள். பின்னால் ஒரே துண்டு ஆக்ஸிலும் காயிலும் உள்ள வண்டிகள் பலவற்றில் இதுதான் பக்கவாட்டுப் பிடி. 2023-ல் நம் ஊருக்கு வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் இரண்டு ராடு இருக்கிறது. பழைய இன்னோவா டாக்ஸி நின்றால் பின்னால் குனிந்து பாருங்கள், குறுக்கே தெரியும்.

ராடு நீளம் மாறாது. அதனால் சேஸ் மேலே போகும்போது ராடின் முனை நேர்க்கோட்டில் போகாமல் வளைவாகப் போகிறது. கைப்பிடிச் சுவரில் சாத்திய ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் மேல்முனையை உயர்த்த உயர்த்த, கீழ்முனை சுவரை நோக்கி இழுபடும். அதேபோல வண்டியை ஏற்றினால், ராடு சேஸில் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறதோ அந்தப் பக்கமாக ஆக்ஸில் இழுபடும். வண்டியைத் தாழ்த்தினால் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். எந்த வண்டியில் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் குனிந்து பாருங்கள்.

எவ்வளவு நகரும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "2 அங்குலம்தானே ஏத்துனோம், என்ன பெருசா நகரப்போகுது" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். போல்ட்டுக்குப் போல்ட் 800 மி.மீ. உள்ள ராடு என்று வைத்துக்கொள்வோம். வண்டி 50 மி.மீ. உயர்கிறது. ராடு முதலில் தரைக்கு மட்டமாக இருந்திருந்தால், ஆக்ஸில் நகர்வது 1.6 மி.மீ. மட்டுமே, கண்ணுக்கே தெரியாது. சேஸ் முனை முதலிலேயே 60 மி.மீ. உயரத்தில் இருந்திருந்தால் 5.3 மி.மீ. நகரும். 100 மி.மீ. உயரத்தில் இருந்திருந்தால் 7.9 மி.மீ. நகரும். ஏற்றியது மூன்றிலும் அதே 50-தான். ராடு ஏற்கெனவே எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே முந்தின வண்டியில் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து அடுத்த வண்டியைக் கணிக்காதீர்கள். அதிலும் ஒரு வண்டி 2 அங்குலத்தில் பரவாயில்லையென்று, அதையே 3 அங்குலம் ஆக்கும்போது நகர்வு பாதிதானே கூடும் என்று எண்ணக்கூடாது. சாய்வு கூடக்கூட ஒவ்வொரு மில்லிமீட்டரும் முந்தையதைவிட அதிகமாக இழுக்கும்.

அலைன்மெண்ட் கடை வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பையனின் மூன்று தாளும் பொய் சொல்லவில்லை. ஆக்ஸில் கோணலாக நின்றால், அதாவது ஒரு பக்கம் முன்னாலும் ஒரு பக்கம் பின்னாலும் இருந்தால், த்ரஸ்ட் ஆங்கிள் காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டியரிங் கோணும், வண்டி நண்டு மாதிரி நடக்கும். ஆனால் கோணாமல், இருந்த வாக்கிலேயே மொத்தமாக ஒரு பக்கம் தள்ளி நின்றால் டோவும் சரியாக வரும், த்ரஸ்ட் ஆங்கிளும் சரியாக வரும். ஸ்டியரிங்கும் நேராக நிற்கும். இரண்டும் வேறு வேறு கோளாறு. கோணலுக்குக் காரணத்தை முன்பின் பிடிக்கும் ஆர்ம்களிலும் அவற்றின் புஷ்ஷிலும் தேட வேண்டும். தள்ளி நிற்பதற்குக் குறுக்குக் கம்பியைப் பார்க்க வேண்டும். பன்ஹார்ட் ராடை எவ்வளவு திருகினாலும் கோணல் தீராது.

இனி, அளப்பது. இதில் அவசரம் கூடாது.

வண்டி மட்டமான தரையில் தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். லிஃப்டில் தொங்கும்போது எடுத்த அளவுக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் தொங்கும்போது ஆக்ஸில் வேறு இடத்தில் இருக்கும். நான்கு டயரிலும் காற்று சரிபாருங்கள். ஓனர் எப்போதும் ஏற்றிப் போகிற கூரைக் கேரியரோ டூல் பெட்டியோ இருந்தால் அதுவும் வண்டியில் இருக்கட்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டயர்கள் தரையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலை அதன் இடத்துக்குப் போகவிடாது. அதனால் வண்டியைப் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் ஓட்டுங்கள். பம்பரை நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். பிறகு அளங்கள்.

ஃபெண்டரிலிருந்து தூக்குக் குண்டு விட்டு டயருக்கு அளக்கிற பழக்கம் இருக்கிறது. ஒரு பார்வைக்கு அது போதும். ஆனால் தனிச் சேஸ் உள்ள ஜீப்பில் பாடியே சேஸின் மேல் சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம்; எப்போதோ இடிபட்டு ஃபெண்டர் இழுத்துக் கட்டியதாக இருக்கலாம். சேஸிலிருந்து ரிம்முக்கு அளப்பதை நம்புங்கள். டயரின் பக்கச்சுவரில் எழுத்தும் புடைப்பும் இருக்கும், அதைத் தொட்டு அளக்காதீர்கள். ரிம் கோணியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி இன்னொரு முறை அளங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்பேசர் போட்ட வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன், அதையும் ஒரு கண் பாருங்கள்.

இரண்டு அளவையும் சாக்பீஸால் சக்கரத்தின் பக்கத்துத் தரையிலேயே எழுதுங்கள். கழித்துப் பாருங்கள். வருகிற எண்ணில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த தூரம். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போல இருக்கிறது. 14 வித்தியாசம் என்றால் 14 திருத்தக்கூடாது, 7 திருத்த வேண்டும். 14 திருத்தினால் ஆக்ஸில் 7 மி.மீ. எதிர்ப்பக்கம் போய் நிற்கும், இந்த முறை இடது ஃபெண்டர் உரசும்.

நீளம் மாற்றக்கூடிய ராடு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஏற்றிய வண்டிக்கு ராடு நீள வேண்டும், தாழ்த்திய வண்டிக்குக் குறுக வேண்டும். நடுவில் உள்ள குழாயின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை என்றால், கழற்றாமலே திருகலாம். 2 மி.மீ. மரை என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முனையும் சேர்ந்து 4 மி.மீ. நீளும். அந்தப் பையனின் வண்டிக்கு ஒன்றே முக்கால் சுற்று போதுமாக இருந்தது. ஒரு முனையில் மட்டும் மரை உள்ள ராடு என்றால் போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது ஆக்ஸில் கொஞ்சம் விலகி ஓட்டை நேராக வராமல் நிற்கும். கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள். சரக்குக் கட்டும் பெல்ட்டைச் சேஸுக்கும் ஹவுசிங்குக்கும் குறுக்கே கட்டி மெல்ல இறுக்கினால், போல்ட் கையாலேயே நுழையும்.

செலவைக் குறைக்க கம்பெனி ராடையே நடுவில் வெட்டி, துண்டு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வளைவில் வண்டியின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது அந்த ஒற்றைக் கம்பிதான். மலைப்பாதையில் அது விட்டுப்போனால், டிரைவர் என்ன திறமைசாலியாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓனர் பணமில்லை என்றால் ஒரு மாதம் கழித்து ஏற்றிக்கொள்ளட்டும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். மேஸ்திரியிடமிருந்து வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு வண்டிக்குப் பன்ஹார்ட் ராடு புஷ் புதிதாக மாற்றினேன். வண்டி ஸ்டாண்டில் இருந்தது, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது, போல்ட் கைக்கு எட்டியது, அங்கேயே முழு முறுக்கும் கொடுத்துவிட்டேன். நான்கைந்து மாதத்தில் ரப்பர் கிழிந்து அதே வண்டி திரும்ப வந்தது. புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் பூட்டினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதுகூட அது முறுக்கிலேயே இருக்கும். அப்படியே ஓடி ஓடிக் கிழியும். புது புஷ்ஷுக்கான காசை நான்தான் போட்டேன். அன்றிலிருந்து காற்றில் தொங்கும் வண்டியில் ரப்பர் புஷ் போல்ட் எதையும் நான் கடைசி முறுக்கு முறுக்கியதில்லை. போல்ட்டை மாட்டி விடுங்கள், நட்டைக் கையால் ஓட்டி விடுங்கள், வண்டியை இறக்கி, ஓட்டி, அமுக்கி, அளந்து, நடுவில் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே டார்க் ரெஞ்ச் வையுங்கள். குழி இல்லையென்றால் சக்கரம் நான்கையும் மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்திக்கொண்டு அடியில் போகலாம், கட்டைகள் ஒரே உயரமாக இருந்தால் போதும்.

ராடை நீட்டினால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ராடின் சாய்வு அப்படியேதான் இருக்கும். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். மட்டமாக இருக்கும் ராடில் 50 மி.மீ. குதித்தால் ஆக்ஸில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் பக்கவாட்டில் போகும். 150 மி.மீ. சாய்வுக்கு வந்துவிட்ட ராடில் அதே 50 அமுங்கினால் 8 மி.மீ. போகும். ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் இடுப்பை ஆட்டுவது போல ஓனர் உணர்வது இதைத்தான். அதிகம் ஏற்றிய வண்டிக்கு ஹவுசிங் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்தி ராடை மட்டத்துக்குக் கொண்டுவருவது நல்லது. உயர்த்திய பிராக்கெட்டில் நெம்புகோல் பலம் கூடும், அதனால் அதற்குக் குறுக்குத் தாங்கல் அவசியம். முன் ஆக்ஸிலில் இதைச் செய்யும்போது ஸ்டியரிங்கின் டிராக் லிங்கும் ராடும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பள்ளத்தில் வண்டி தானே ஸ்டியரிங் திருப்பும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஸ்கார்ப்பியோ-என்னிலும் தார் ராக்ஸிலும் வாட்ஸ் லிங்க் வைத்திருக்கிறார்கள். நீராவி இன்ஜினுக்காக ஜேம்ஸ் வாட் 1784-ல் காப்புரிமை எடுத்த அமைப்பின் வழிதான் அது. இரண்டு கம்பி, நடுவில் ஒரு சுழலும் துண்டு. ஒரு கம்பி இழுக்கிற அளவுக்கு மற்றது விட்டுக் கொடுப்பதால் ஆக்ஸில் கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்கும். அந்த வண்டியை ஏற்ற வந்தால் பன்ஹார்ட் கணக்கை அங்கே போடாதீர்கள்.

ஜிப்ஸியும் பழைய தாரும் கொண்டுவருகிறவர்களும் இருப்பார்கள். ஜிப்ஸிக்கு நான்கு பக்கமும் பட்டை, பழைய தாருக்குப் பின்னால் பட்டை. ஏற்றுவதால் அவை பக்கவாட்டில் நகர்வதில்லை. அங்கே பார்க்க வேண்டியது யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும். சென்டர் போல்ட்டின் தலைதான் ஹவுசிங்கின் ஓட்டைக்குள் உட்கார்ந்து இடத்தைக் காக்கிறது. யு போல்ட் தளர்ந்தால் முழுச் சுமையும் அந்தச் சிறிய தலைமேல் வரும், அது அறுந்தால் ஒரு பக்கச் சக்கரம் பின்னால் போய்விடும். புதுப் பட்டை போட்டால் சில நாள் ஓடியதும் யு போல்ட்டைத் திரும்ப இறுக்க வரச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் ஓனரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். ஏற்றாத வண்டிக்கும் இந்த மடல் பொருந்தும்: பழைய காயில் தளர்ந்து தாழ்ந்த இன்னோவாவும், விபத்தில் அடிபட்டு வந்த வண்டியும் இதே அளவுகளைக் கேட்கின்றன.

அளவைப் பில்லில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "பின் ஆக்ஸில்: இடது இவ்வளவு, வலது இவ்வளவு", கீழே தேதி, உங்கள் கையெழுத்து. இரண்டுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும், கம்பெனியிலிருந்து வரும் வண்டியிலும் அவ்வளவு இருக்கும். அந்தத் தாள் இருந்தால், அடுத்த முறை ஏதாவது உரசினால் எதை முதலில் பார்ப்பதென்று அடுத்த மெக்கானிக்குத் தெரியும். மொத்த வேலைக்கு அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். அதற்குக் கூலி கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள்.

அந்தப் பையனின் ஃபெண்டர் விளிம்பைத் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வெட்டியெடுத்த தகட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்புடன்,
உங்களைப் போலவே வண்டிக்கு அடியில் படுத்துப் பிழைக்கும் ஒரு மூத்த மெக்கானிக்,
கோயம்புத்தூர்.

பி.கு.: நீளம் மாற்றும் ராடின் லாக் நட் இரண்டையும் இறுக்கிய பிறகு நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. திரும்ப அளந்துவிட்டு இறுக்குங்கள்.